கற்கும் கைக்கும் கூலி உண்டு

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



 இந்த மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களை ஆண்டுக்கொரு முறை ஒன்றாகக் காண்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

வழக்கமாக இக்கூடுகையில் குணமடைந்த நோயாளிகளைப் பற்றியும், எழும்பி வருகிற கட்டிடங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். இன்று நான் கட்டிலில் படுத்திருக்கிறவர்களைப் பற்றி அல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எலும்பு முறிவு வார்டில் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் எப்பொழுதும் இருப்பார்கள். துணைக்கு இருப்பது பெரும்பாலும் மூத்த மகன் அல்லது மகள். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். "பிளஸ் டூ முடித்துவிட்டாயே தம்பி, அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால், பலரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: "எங்கய்யா படிக்கிறது? அப்பா எழும்புற வரைக்கும் நான் கையாள் வேலைக்குப் போறேன்." அப்பா எழும்பிவிடுகிறார். மகன் மட்டும் அந்த வேலையிலிருந்து எழும்புவதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அவனும் சாரத்திலிருந்து விழுந்து இதே வார்டுக்கு வருகிறான். எலும்பை நாம் கூட்டிவைக்கிறோம். இந்தச் சுழற்சியை யார் நிறுத்துவது?

படிப்புக்கு இரண்டு விலை

நம் சபைகள் கொடுக்கிற கல்வி உதவி நல்ல ஊழியம். அதனால் எழும்பிய குடும்பங்கள் அநேகம். ஆனால் அந்தப் பணம் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறதே தவிர, வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, கட்ட வேண்டிய கட்டணம். மற்றது, படிக்கிற நாட்களில் சம்பாதிக்க முடியாமல் போகிற கூலி. முதலாவது விலைக்கு ரசீது உண்டு. ஆகையால் நமக்குத் தெரிகிறது. இரண்டாவது விலைக்கு ரசீது கிடையாது. ஆகையால் எந்தக் கமிட்டியின் கணக்கிலும் அது வருவதில்லை. ஆனால் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது அநேகமாக இந்த இரண்டாவது விலையைக் கொடுக்க முடியாமல்தான்.

இந்த இரண்டாவது விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிற ஒரு வழி உண்டு. அப்ரண்டிஸ் என்று நாம் சொல்கிற தொழிற்பழகுநர் பயிற்சியே அது. வேலை நடக்கிற இடத்திலேயே, வேலை தெரிந்த ஒருவரின் கீழ், எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி, மாதந்தோறும் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்பது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், திருச்சி பெல் நிறுவனமும், நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் அப்ரண்டிஸ் விளம்பரம் கொடுப்பதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியது என்று நாம் நினைத்துவிட்டோம். அப்படியல்ல.

இதற்கென்று இந்தியாவில் 1961-ஆம் ஆண்டிலேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்து முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். மருத்துவமனைகளுக்கும் இந்தக் கடமை உண்டு. அதே விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கு ஏற்ப 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைக்கு 7,000 ரூபாய். இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் தொகை கூடும். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. முடிவில் தேர்வு எழுதித் தேறினால் நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைக்கும்.

இந்தச் சான்றிதழை அற்பமாக எண்ணாதீர்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பத்து வயதிலிருந்து ஸ்பேனர் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கையில் ஒரு தாள் இல்லாததால், வெளிநாட்டு வேலைக்கோ ரயில்வே வேலைக்கோ விண்ணப்பம் போட அவர்களால் முடிவதில்லை. கை கற்றதை உலகம் நம்புவதற்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது.

இது நமக்குப் புதிய காரியம் அல்ல

"இது அரசாங்க விஷயம் அல்லவா? மிஷன் மருத்துவமனைக்கு ஏன்?" என்று சிலர் கேட்கக்கூடும்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் எழும்பியபோது, பெசலெயேலும் அகோலியாபும் கைவேலைக்காக ஞானத்தினால் நிரப்பப்பட்டார்கள் என்று யாத்திராகமம் கூறுகிறது. செய்கிற திறமை மட்டுமல்ல, பிறருக்குக் கற்றுக்கொடுக்கிற மனதும் அவர்களுக்கு அருளப்பட்டது என்பதையும் அதே இடத்தில் காண்கிறோம். கற்றுக்கொடுப்பதும் ஒரு வரம். வரத்தைப் பூட்டிவைக்க நமக்கு அதிகாரம் இல்லை.

நம் நாட்டில் தொழில் கற்பது பழைய வழக்கம். ஆனால் அது பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. தகப்பன் கையில் உளி இருந்தால் மகன் கைக்கு உளி வந்தது. தகப்பன் கையில் மண்வெட்டி இருந்தால் மகன் கைக்கும் மண்வெட்டியே வந்தது. அந்தக் கதவைப் பலருக்குத் திறந்ததில் மிஷன்களுக்குப் பங்கு உண்டு. 1876-78 பெரும் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகள் திரண்டிருந்த காலத்தில், நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-இல் கைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தது. விசுவாசத்தை ஏற்றதனால் பிழைப்பை இழந்தவர்களுக்கு அதில் வேலையும் கூலியும் கிடைத்தன. நம் தாத்தாமார் வீட்டுக் கூரைகளில் இருந்த மங்களூர் ஓட்டின் கதை அதுதான்.

வில்லியம் கேரி ஐயரை எல்லாருக்கும் தெரியும். அவர் பதினான்காம் வயதில் செருப்புத் தைப்பவரிடம் அப்ரண்டிஸாக இருந்தவர். சேராம்பூரில் அவருடைய வேத மொழிபெயர்ப்புகள் அச்சேறியபோது எழுத்துகளை வார்க்க அச்சு வெட்டிக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கருமார். அவர் தம் மருமகன் மனோகருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். மாமனார் மறைந்த பிறகும் அச்சுக்கூடம் நிற்கவில்லை; மருமகன் கை ஓடிக்கொண்டிருந்தது. மொழிபெயர்த்தவரை நினைவுகூரும்போது, அவருக்குப் பின்னால் நின்ற இந்தக் கைகளையும் நினைவுகூருவது நியாயம்.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி வேலூர். 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நேரானது, பிழைப்பு நேராகவில்லை. ஊர் அவர்களைச் சேர்க்கவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை. ஆகையால் புதுவாழ்வு நிலையம் ஒன்றை அமைத்து, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். சிகிச்சை அறுவை அரங்கில் முடிவதில்லை, பட்டறையில் தொடருகிறது என்று நம் மருத்துவ மிஷன் அங்கே கற்றது.

கற்பிப்பதாகச் சொல்லிச் சுரண்டுவது

இதன் மறுபக்கத்தையும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையுள்ள ஊழியக்காரன் அல்ல. தொழில் கற்றுக்கொடுப்பது என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளைச் சுரண்டுவதும் மிகப் பழைய வழக்கம்.

இங்கிலாந்தில் அப்ரண்டிஸ் ஆவதற்குப் பெற்றோர் எஜமானுக்குப் பணம் கட்டுவது வழக்கமாயிருந்தது. கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்காகத் திருச்சபைப் பங்குகளே பணம் கட்டின. செல்வர்கள் அதற்கென்று சொத்து எழுதி வைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், பங்குகளின் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகள் அப்ரண்டிஸ் என்ற பெயரில் பஞ்சாலைகளுக்கு மொத்தமாக அனுப்பப்பட்டார்கள். இரவும் பகலும் வேலை; கற்றதோ ஒன்றுமில்லை. அவர்களைக் காக்க 1802-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. தர்மப் பணம் அந்தப் பிள்ளைகளின் கட்டாகவே மாறிப்போனது.

தூரத்தில் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. நம் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில், சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில், ஏழைப் பெண்பிள்ளைகள் நூற்பாலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்றார்கள். ஏட்டில் அவர்கள் அப்ரண்டிஸ்கள். இருந்தது ஆலைக்குள்ளேயே விடுதி. நடுவில் உடம்புக்கு முடியாமல் வெளியேறியவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். யாக்கோபின் கூலியைப் பத்துமுறை மாற்றிய லாபான் இன்னும் சாகவில்லை.

மருத்துவமனைகளுக்கும் இந்தச் சோதனை உண்டு. "பயிற்சி" என்று சொல்லி ஒரு பிள்ளையை ஓராண்டு முழுவதும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் டீ வாங்கவும் வைத்திருக்க முடியும். "இது ஊழிய ஸ்தாபனம், சம்பளத்தைப் பார்க்காதே" என்று சொல்லவும் முடியும். ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது ஒருவன் தானாகச் செய்கிற காரியம். பசித்தவனிடமிருந்து அதை நாம் வசூலிக்கக் கூடாது.

இந்த இடத்தில் சட்டம் நம்மைவிட ஞானமாய் இருக்கிறது. பழகுநருக்கு எண்ணிக்கைக் கூலி, அதாவது இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுக்கக் கூடாது என்கிறது. ஏன்? எண்ணிக்கைக்குக் கூலி என்றால் பிள்ளை அவசரப்படும். அவசரத்தில் கற்பது குறையும். அனுமதி இல்லாமல் மிகை நேரம் வேலை வாங்கக் கூடாது என்கிறது. பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு என்கிறது. பயிற்சி முடித்த எல்லாருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் யாரை எப்படி எடுப்போம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கொரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லுகிறது. முடிவில் என்ன கிடைக்கும் என்பதை முதல் நாளிலேயே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொய்யான நம்பிக்கை கொடுப்பதும் ஒருவகைத் திருட்டுதான்.

விளக்கின் கீழே நிற்கிறவரும் விளக்கைக் காக்கிறவரும்

நம் மருத்துவமனையில் கற்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மின்சாரம் நின்ற சில வினாடிகளில் ஜெனரேட்டர் எடுக்காவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன ஆகும்? ஆக்சிஜன் குழாயில் ஒரு வால்வு கசிந்தால்? கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிக்கிற ஆட்டோகிளேவ் சரியான சூட்டுக்கு வராவிட்டால்? அறுவை அரங்கில் விளக்கின் கீழே நிற்கிற டாக்டருக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்கள். அந்த விளக்கைக் காக்கிற எலக்ட்ரீஷியனும் அந்த அறுவை சிகிச்சையில் பங்குள்ளவர். மின்பணி, குழாய்ப்பணி, குளிர்சாதனம், மருத்துவ மின்னணுக் கருவிப் பராமரிப்பு ஆகிய எல்லாம் ஐ.டி.ஐ. பிள்ளைகள் பழகக்கூடிய தொழில்கள். "பெண்பிள்ளைக்கு ஜெனரேட்டர் அறையில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் நம் பெண்கள் செவிலியராகப் போனபோதும் ஊர் இதையே கேட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். இன்று செவிலியர் இல்லாத கிறிஸ்தவக் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்பொழுது கணக்குக்கு வருகிறேன். மாதம் 7,000 ரூபாய் என்றால், 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 270 ரூபாய். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிற பையன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுவருகிறான். இதில் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்? 2025-இல் இத்தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தும்படி மத்திய தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரை செய்தது. அப்படி உயர்ந்தாலும்கூட இடைவெளி முழுவதும் அடைபடாது. மிக ஏழையான பிள்ளை இந்த இடைவெளியில்தான் விழுந்துபோகிறான்.

அந்த இடைவெளியின்மேல் ஒரு பலகை போட உங்களைக் கேட்கிறேன். சட்டப்படியான உதவித்தொகையை மருத்துவமனை கொடுக்கும். அது நம் கடமை, அதற்காக நான் கையேந்தவில்லை. அதற்கு மேலே பயணச் செலவு, மதிய உணவு, பாதுகாப்புக் காலணி, ஒரு கருவிப்பெட்டி ஆகியவற்றை உங்கள் காணிக்கை தாங்கலாம். இன்னொன்றும் வேண்டும். கற்றுக்கொடுக்கிற மூத்த பணியாளருக்கு நாளில் ஒரு மணி நேரமாவது தம் வேலையிலிருந்து விடுதலை வேண்டும். அந்த நேரத்துக்கும் செலவு உண்டு. ஆசான் ஓடிக்கொண்டே இருந்தால் மாணவன் அவர் முதுகைத்தான் பார்ப்பான், கையைப் பார்க்க மாட்டான்.

இந்தக் காணிக்கைக்குச் சலவைக்கல் பலகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிடத்துக்குக் கொடுத்தால் பெயர் சுவரில் இருக்கும். ஒரு பையனின் பஸ் கட்டணத்தில் யாருடைய பெயரை எழுதுவது?

"கற்றுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கோ துபாய்க்கோ போய்விடுவானே, நம் பணம் வீண்தானே?" என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சிலர் போவார்கள், போகட்டும். போன இடத்தில் ஓர் ஆக்சிஜன் குழாய் ஒழுங்காக இருக்கும். ஊரில் ஒரு குடும்பம் கந்துவட்டியிலிருந்து தப்பும். ஒரு தங்கை படிப்பை நிறுத்தாமல் இருப்பாள். நோயாளி குணமாகி வீடு திரும்பும்போது "எங்களை விட்டுப் போகிறானே" என்று நாம் வருந்துவதில்லையே. சொந்தக் காலில் நடந்து வெளியே போவதுதானே நாம் கேட்ட ஜெபம்!

உங்களால் ஆகக்கூடிய இன்னொரு காரியமும் உண்டு. உங்களில் ஆலை, அச்சகம், பல்பொருள் அங்காடி, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். நான்கு பேர் வேலை செய்கிற சிறிய நிறுவனமும் விரும்பினால் பழகுநர் ஒருவரைச் சேர்க்கலாம். உங்கள் சபையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளையின் பெயரைக் கேட்டு, அந்தப் பிள்ளைக்கு உங்கள் இடத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். அதுவும் ஆண்டவருக்கு ஏற்ற காணிக்கைதான்.

உலகத்தை உண்டாக்கின வார்த்தையானவர் நாசரேத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் வளர்ந்தார். ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. சுவிசேஷங்கள் அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் ஊரார் அவரைத் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். வேலை கற்கிற கையின் காய்ப்பை அவர் அறிவார்.

ஜெபிப்போம்.

இரக்கமுள்ள பிதாவே, எங்கள் பிள்ளைகளுக்குக் கையும் மனமும் கொடுத்தீர். அவர்கள் பசியில்லாமல் கற்க ஒரு வழியைத் திறந்தருளும். கற்றுக்கொடுக்கிறவர்களுக்குப் பொறுமையையும், கூலி கொடுக்கிறவர்களுக்கு நீதியையும், கொடுக்கிற உம்முடைய பிள்ளைகளுக்கு சந்தோஷத்தையும் தாரும். எங்கள் ஸ்தாபனத்தில் எந்தப் பிள்ளையின் உழைப்பும் கூக்குரலாக உம்முடைய சந்நிதியில் எட்டாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.